மாவுப் பையில் மலர்ந்த நன்றி

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நம் பங்குகளில் தையல் இயந்திரங்களுக்கு ஓய்வு குறைவு. குடிலுக்கு வேண்டிய துணி, பாடகர் குழுச் சிறாருக்கு உடுப்பு, பீடத்துக்குப் புது விரிப்பு, வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தாடை என்று வேலை வந்து குவிகிறது. வெட்டி எஞ்சிய துண்டுத் துணிகளைச் சேர்த்துச் சுருக்குப் பைகள் தைத்து, அவற்றில் முறுக்கோ கேக்கோ இட்டு அண்டை வீட்டாருக்கு அனுப்பும் நல்வழக்கத்தையும் சில பங்குகளில் காண்கிறோம். விண்மீன், மணி, வானதூதர் என்று துணியில் செய்த சிறு தொங்கல்களும் அப்பைகளோடு போகின்றன. இது ஓய்வு நேரத்துச் சிறு வேலைதானே என்று நம்மில் பலர் கருதலாம். ஆனால் மீட்பின் வரலாறும் சரி, மாந்தர் வரலாறும் சரி, துணியையும் ஊசியையும் அப்படி எளிதாக ஒதுக்கிவிடவில்லை.

முதல் கிறிஸ்மஸ் இரவில் இடையர்களுக்கு வானதூதர் தந்த அடையாளம் எது? துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை என்று லூக்கா எழுதுகிறார். இறைவன் மனுக்குலத்துக்கு அளித்த கொடை ஒரு தாயின் கை சுற்றிய துணிக்குள்தான் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மீரா நகர் ஆயர் புனித நிக்கோலாஸ், மணமுடிக்க வழியின்றித் தவித்த மூன்று பெண்களின் வீட்டுச் சன்னல் வழியே இரவில் துணியில் முடிந்த பொன்னை எறிந்துவிட்டுச் சென்றார் என்பது மரபுவழி வரலாறு. தந்தவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகவே அவர் இரவைத் தேர்ந்துகொண்டார். யோப்பாவில் வாழ்ந்த தபித்தா என்னும் தொற்கா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் உயிரோடிருந்தபோது தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளை அழுதுகொண்டே எடுத்துக்காட்டினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அந்தப் பெண் சீடரின் புகழுரையாக விளங்கியவை அவர் கை தைத்த துணிகளே.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் கொடுப்பவரைப் பார்க்கிறோம். பெற்றுக்கொள்பவர் நிலை என்ன? பெறுவதைக் காட்டிலும் தருவதிலேயே மிகுந்த பேறு உண்டு என்று ஆண்டவர் கூறியதைப் பவுலடியார் எபேசு மூப்பர்களுக்கு நினைவூட்டினார். அப்படியானால், எந்நாளும் பெறுபவராகவே வைக்கப்பட்டிருக்கும் ஏழைக்கு அந்தப் பெரிய பேறு மறுக்கப்படுகிறது அன்றோ? இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவின் சின்னஞ்சிறு நாடொன்றின் பெண்கள் ஊசியாலும் நூலாலும் விடை எழுதினார்கள். அவர்கள் எழுதிய தாள், உணவு தீர்ந்த பின் எஞ்சிய வெறும் மாவுப் பை. அவ்வரலாற்றை இக்காலத்தில் சற்றே நினைத்துப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும்.

பசி சூழ்ந்த நாடு

1914 ஆகஸ்ட் 4ஆம் நாள் செருமானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. அம்மாத இறுதியில் லூவேன் நகரின் பழம்பெரும் கத்தோலிக்கப் பல்கலைக்கழக நூலகம் தீக்கிரையாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் மேற்கே ஒரு சிறு மூலை நீங்கலாக நாடு முழுவதும் அயலார் கையில் சிக்கியது. பெல்ஜியம் அன்று தொழிற்சாலைகள் மலிந்த நாடு. ஏறத்தாழ 75 இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்த நாடு. தனக்கு வேண்டிய தானியத்தில் பெரும்பகுதியைக் கடல்வழியே வரவழைத்தே அது உண்டு வந்தது. இப்போது பிரித்தானியக் கடற்படை கடலை அடைத்து நின்றது. நாட்டைப் பிடித்த செருமானியரோ அம்மக்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. இரு வல்லரசுகளுக்கும் இடையே அகப்பட்ட எளிய மக்கள் பட்டினியின் வாயிலில் நின்றார்கள்.

அப்போது இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் ஒருவர் இச்சிக்கலைக் கையிலெடுத்தார். நாற்பது வயதே ஆன அவர் பெயர் ஹெர்பர்ட் ஹூவர். பின்னாளில், 1929 முதல் 1933 வரை, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தவர் இவரே. 1914 அக்டோபர் 22ஆம் நாள் பெல்ஜிய நிவாரண ஆணையம் உருவாயிற்று. நாட்டுக்குள்ளே எமில் பிராங்க்கீ என்பவர் தலைமையில் பெல்ஜியர்களின் தேசியக் குழு உணவைப் பங்கிட்டது. ஹூவரின் ஆணையமோ உலகெங்கும் பொருள் திரட்டி, கப்பலேற்றி, நடுநிலை நாடான ஆலந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து கால்வாய்ப் படகுகளில் பெல்ஜியத்துக்குள் அனுப்பியது. பின்னர் வடபிரான்சின் மக்களும் இப்பந்தியில் சேர்ந்தனர். ஏறத்தாழ 90 இலட்சம் பேர் இவ்வுணவால் உயிர் பிழைத்தார்கள்.

அமெரிக்காவின் மாவாலைகள் இதற்குத் தாராளமாக உதவின. மின்னியாபொலிஸ் நகரில் வெளிவந்த மாவாலைத் தொழில் இதழொன்றின் ஆசிரியரான வில்லியம் எட்கர், ஆலைக்காரர்களிடம் மாவு நன்கொடை வேண்டினார். ஒரு பையில் 49 பவுண்டு மாவு இருக்கட்டும், பை நல்ல பருத்தித் துணியாய் இருக்கட்டும் என்பது அவ்வேண்டுகோளின் ஒரு பகுதி. சற்றேறக்குறைய 22 கிலோ எடையுள்ள பையை ஓர் இல்லத்தரசியால் தூக்கிச் செல்ல இயலும். மாவு தீர்ந்த பின் துணி உள்ளாடை தைக்கப் பயன்படும். மாவைக் கொடுக்கையிலேயே மாவு தீர்ந்த நாளையும் எண்ணிப் பார்த்த இந்தக் கரிசனை கருதத்தக்கது. தொண்டு செய்வோர் பலர் கொடுக்கும் நாளோடு தம் நினைவை முடித்துக்கொள்கிறார்கள்.

எண்ணி வைக்கப்பட்ட பைகள்

பெல்ஜியத்துக்குள் வந்த ஒவ்வொரு பைக்கும் கணக்கு இருந்தது. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, பருத்தி வெடிமருந்து செய்ய உதவும் பொருள். வெறும் பைகள் செருமானியப் படையின் கைக்குப் போய்விட்டால், பசியாற்ற வந்த துணி உயிர் வாங்கும் குண்டாக மாறிவிடும். இரண்டாவது, பேராசைக்காரர் அப்பைகளில் தரங்குறைந்த மாவை நிரப்பி, நிவாரண மாவு என்று சொல்லிக் கள்ளச் சந்தையில் விற்றுவிடக்கூடும். ஆகவே வெறும் பைகள் திரும்பச் சேகரிக்கப்பட்டன. பின்னர் அவை தொழிற்பள்ளிகளுக்கும், நகரங்களில் ஏற்படுத்தப்பட்ட தையற் கூடங்களுக்கும், அருள்சகோதரியரின் மடங்களுக்கும், ஓவியர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன.

தையற் கூடங்கள் ஏன் தேவைப்பட்டன? போர் மூண்டதும் ஆலைகள் நின்றன. கணவர் போர்முனையில், அல்லது சிறைமுகாமில், அல்லது கல்லறையில். வேலையும் கூலியும் இழந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். கஞ்சித் தொட்டிக்கு முன் வரிசையில் நிற்பதொன்றே அவர்கள் வாழ்வாகிவிடக் கூடாது என்று கருதிய நல்லோர், பிரசெல்சு, அன்ட்வெர்ப் போன்ற நகரங்களில் அவர்களை ஒன்றுகூட்டி வேலை தந்தார்கள். பழைய துணி பிரிக்கப்பட்டுப் புதிதாய்த் தைக்கப்பட்டது. மாவுப் பை குழந்தையின் சட்டையாயிற்று, பாவாடையாயிற்று, தலையணை உறையாயிற்று. இது தேவைக்காகச் செய்த வேலை. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை.

ஊசி பேசிய மொழி

மாவுப் பைகளின்மேல் ஆலைகளின் பெயர்களும் சின்னங்களும் வண்ணத்தில் அச்சிடப்பட்டிருந்தன. கழுகு, மலர், கோதுமைக் கதிர், கன்சாஸ், மின்னசோட்டா போன்ற மாநிலங்களின் பெயர் என்று பலவகை. பெல்ஜியப் பெண்கள் அந்த அச்சைத் தேய்த்து அழித்துவிடவில்லை. எழுத்தின் மேலேயே பட்டு நூலால் பூவேலை செய்தார்கள். கழுகின் சிறகுக்கு நிறம் ஏற்றினார்கள். ஓரத்தில் லேஸ் பின்னிச் சேர்த்தார்கள். பெல்ஜியத்தின் கருப்பு, மஞ்சள், சிவப்பு நிற நாடாவையும் அமெரிக்கக் கொடியின் நிற நாடாவையும் ஒன்றாய் முடிந்தார்கள். அமெரிக்காவுக்கு நன்றி என்ற சொற்களையும், 1914, 1915, 1916 என்று ஆண்டையும் எழுதினார்கள். ஓவியர்கள் அத்துணியையே திரையாகக் கொண்டு வண்ணம் தீட்டினர்.

இவ்வாறு மாவுப் பை கைப்பையாக, மேசை விரிப்பாக, திண்டு உறையாக, சின்னஞ்சிறு பரிசுப் பொருளாக உருமாறியது. செய்து முடித்த பொருள்கள் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்கப்பட்டு, வந்த பணம் உணவுக்கும் போர்க் கைதிகளின் உதவிக்கும் சென்றது. வேறு பல, நிவாரண ஆணையத்தில் தொண்டாற்றியவர்களுக்கு அன்பளிப்பாகவே கொடுக்கப்பட்டன. ஐயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்னும் ஊரிலுள்ள ஹூவர் அருங்காட்சியகத்தில் இத்தகைய மாவுப் பைகள் நூற்றுக்கணக்கில் காக்கப்பட்டு வருகின்றன. மாவு கொண்டு கடல் கடந்து சென்ற அதே பைகள் மீண்டும் கடல் கடந்து வந்து சேர்ந்திருக்கின்றன. வெறுமையாக அல்ல.

நாட்டுக் கொடியின் நிறத்தை ஊசியில் கோத்தது அந்நாளில் துணிவான செயலும் ஆகும். 1915இல் செருமானிய ஆட்சியாளர் பெல்ஜிய தேசிய அடையாளங்களைப் பொது இடங்களில் அணிவதற்குத் தடை விதித்தனர். தெருவில் தடுக்கப்பட்ட நிறம் தையற் கூடத்தில் தழைத்தது. தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்த பெண்களின் மடியில் அந்நாட்டின் மானம் இருந்தது என்றால் அது மிகையன்று.

நூல் தேடி வந்த கதை

பூவேலையோடு லேஸின் வரலாறும் பிணைந்து கிடக்கிறது. பிளாண்டர்ஸ் பகுதியின் லேஸ் உலகப் புகழ் பெற்றது. உருளைத் திண்டொன்றில் ஊசிகளை நட்டு, மரத்தாலான சிறு நூற்கட்டைகள் பலவற்றை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பின்னும் அந்நுண்கலையை அருள்சகோதரியர் மடங்களின் பள்ளிகளில் சிறுமியர் இளவயதிலேயே கற்றனர். போரினால் மெல்லிய நூல் வருவது நின்றது. செய்த லேஸை விற்கவும் வழியில்லை. பல்லாயிரம் பெண்களின் கை ஓய்ந்தது.

அரசி எலிசபெத்தின் ஆதரவு பெற்றிருந்த பிரசெல்சு லேஸ் குழு நிவாரண ஆணையத்தின் துணையை நாடியது. பிரித்தானிய அரசு ஒரு நிபந்தனையோடு இசைந்தது: எவ்வளவு எடை நூல் உள்ளே செல்கிறதோ அவ்வளவு எடை லேஸ் வெளியே வரவேண்டும். இவ்வாறு உணவுக் கப்பலோடு நூலும் வந்தது. படகுகள் திரும்புகையில் லேஸ் சென்றது. கிடைத்த வேலை பலருக்கும் எட்டவேண்டும் என்பதற்காக ஒருவர் ஒரு வாரத்தில் ஈட்டும் தொகைக்கு எல்லை வகுத்தனர். ஆணையத்தின் பிரசெல்சு இயக்குநராக இருந்த வெர்னன் கெல்லாக் என்பவரின் மனைவி சார்லட் கெல்லாக், இவற்றையெல்லாம் நேரில் கண்டு, 1917இல் பெல்ஜியப் பெண்களைப் பற்றியும், 1920இல் அந்நாட்டு லேஸைப் பற்றியும் நூல்கள் எழுதினார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கலாகாது. லேஸ் என்னும் அழகின் பின்னே நெடுங்காலத் துயரம் உண்டு. போருக்கு முன்னும் அப்பெண்களின் கூலி மிகக் குறைவு. இடைத்தரகர் கைக்கே பெருந்தொகை போயிற்று. மங்கிய விளக்கில் கண்ணொளி இழந்தோர் பலர். கைவேலையின் அழகைப் புகழ்ந்துகொண்டே கைக்கு உரிய கூலியை மறப்பது பழைய பாவம். அறுவடை செய்தோர்க்குக் கொடாத கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபின் எச்சரிக்கை, தையல் செய்தோர்க்கும் பொருந்தும். போர்க்கால லேஸ் குழுவினரின் சிறப்பு, தரகரின்றித் தொழிலாளியை நேரே எட்ட முயன்றதில் இருக்கிறது.

கர்தினாலின் கிறிஸ்மஸ் மடல்

அந்த முதல் போர்க் கிறிஸ்மஸ் எப்படி இருந்தது? மெக்லின் பேராயர் கர்தினால் மெர்சியே அப்போது எழுதிய ஆயர் மடல் உலகறிந்தது. நாட்டுப்பற்று, பொறுமையுடன் தாங்குதல் ஆகிய இரண்டையும் பற்றிய அம்மடலில் அவர் எரிந்த ஊர்களையும் கொல்லப்பட்ட குருக்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஆக்கிரமித்தவர்களுக்கு மனச்சான்றின்படி கீழ்ப்படியும் கடமை எவருக்கும் இல்லை என்று அஞ்சாது உரைத்தார். 1915 புத்தாண்டையொட்டிக் கோவில்களில் அது வாசிக்கப்பட்டபோது செருமானியர் சினந்தெழுந்து பிரதிகளைப் பறிமுதல் செய்தனர், அச்சிட்டவரைத் தண்டித்தனர், வாசித்த குருக்களை விசாரித்தனர். எனினும் மடல் மக்கள் நெஞ்சில் பதிந்துவிட்டது.

பொறுமை என்பது கைகட்டி இருப்பதன்று என்பதை அம்மக்கள் புரிந்துகொண்டார்கள். 1916 இறுதியில் செருமானியர், வேலையற்றோர் என்று காரணம் காட்டி, பெல்ஜிய ஆண்களை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் சென்றனர். மெர்சியே உலகறிய மறுப்புக் குரல் கொடுத்தார். வேலையைப் பறித்தவனே வேலையில்லை என்று குற்றஞ்சாட்டும் கொடுமை அது. அந்நாளில் ஒரு தையற் கூடத்தில் உட்கார்ந்து ஊசி பிடித்தவர் வெறும் பூவேலையா செய்தார்? தாம் இன்னும் உழைக்கும் மனிதர், இன்னும் கொடுக்கவல்ல மனிதர் என்று நிறுவிக்கொண்டிருந்தார்.

அதே 1916ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், பெல்ஜியச் சிறாருக்கு உதவுமாறு அமெரிக்கக் கத்தோலிக்கச் சிறாரை வேண்டி, பால்டிமோர் பேராயர் கர்தினால் கிப்பன்சுக்கு மடல் விடுத்தார். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெரிக்கப் பணியாளர்கள் பெல்ஜியத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எசுப்பானியரும் ஆலந்தியரும் மேற்பார்வையை ஏற்க, உணவுப் பணி தொடர்ந்தது. போர் 1918 நவம்பர் 11இல் ஓய்ந்தது. அடுத்த ஆண்டு கர்தினால் மெர்சியே தாமே அமெரிக்கா சென்றார். நன்றி சொல்லக் கடல் கடந்த அவருக்கு முன்னமே அந்தப் பூவேலைப் பைகள் அவ்வழியே சென்றிருந்தன.

நம் கரைக்கு வந்த ஊசி

பெல்ஜியத்தின் இக்கதைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டா. அதே பிளாண்டர்ஸ் மண்ணின் ரூசெலாரே நகரில் 1857இல் பிறந்தவர் அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்டர். ஈப்பர் நகரில் புனித அகுஸ்தீனாரின் துறவியர் மடத்தில் வாழ்ந்த அவர், 1897 நவம்பரில் மரிய உர்சுலா என்ற ஒரே ஒரு நவகன்னியரைத் துணையாகக் கொண்டு, அன்றைய திருவிதாங்கூரில் இருந்த முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்மேல் சபைத் தந்தை விக்டர் அனாதைச் சிறுமியர்க்கு ஓர் இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். அச்சிறுமியரைத் தம் மக்களாக ஏற்றுக்கொண்ட சகோதரியர், எழுத்தும் படிப்பும் கற்பித்ததோடு தையலும் பூவேலையும் லேஸ் பின்னலும் கற்பித்தனர். அன்று கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்து, 1930 முதல் கோட்டாற்றிலும் 2014 முதல் குழித்துறையிலும் அடங்கிய அந்த ஊரில் முளைத்த சபையே இன்று மரியாவின் மாசற்ற இதய மறைபரப்புச் சகோதரியர் சபை எனப்படுவது. 1910இல் அது பிலிப்பைன்சுக்கும் கிளை விட்டது.

1914 நவம்பர் 22ஆம் நாள் ஈப்பர் நகரின் புகழ்மிக்க இடைக்காலத் துணி மண்டபம் குண்டுவீச்சில் எரிந்தது. துணி வாணிகத்தால் வளர்ந்த அந்நகரே நான்காண்டுப் போரில் கற்குவியலாயிற்று. ரூசெலாரே செருமானியர் கையில் சிக்கியது. அன்னை புறப்பட்டு வந்த ஊர் சாம்பலானபோது, அவ்வூர்ப் பக்கத்துக் கைவேலை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நம் சிறுமியரின் விரல்களில் உயிரோடு இருந்தது. வரலாறு சில நேரங்களில் இப்படியும் பொருள்களைக் காத்துவைக்கிறது.

நாஞ்சில் நாட்டில் லேஸின் வரலாறு இதனினும் பழையது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை முறை நிலவிய காலம் அது. திருவிதாங்கூரில் 1855இல்தான் அது ஒழிக்கப்பட்டது. லேஸில் ஈட்டிய காசைக் கொடுத்து அதற்கு முன்னரே தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தனர் என்று அம்மிஷன் வரலாறு கூறும். ஊசியின் துளை சிறியது. அதன் வழியே ஒரு மனித உயிர் விடுதலைக்குள் நுழைந்திருக்கிறது.

கோதுமைப் பையின் நினைவு

நம்மில் வயது முதிர்ந்தோர்க்கு வேறொரு பையும் நினைவுக்கு வரும். 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரணப் பணி அமைப்பின் வழியாகக் கோதுமையும் பால்மாவும் எண்ணெயும் நம் பங்குகளுக்கு வந்தன. இரு கைகள் குலுக்கும் சின்னம் அச்சிட்ட அந்தப் பைகள் தலையணை உறையாகவும் பிள்ளைகளின் கால்சட்டையாகவும் மாறிய வீடுகள் பல. அந்தத் துணியை உடுத்திப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள், பால்மாவுக்கும் ரொட்டிக்கும் மதம் மாறியவர்கள் என்ற ஏளனச் சொல்லையும் சேர்த்தே உடுத்தினார்கள். பசித்தபோது உண்டதில் இழிவு எதுவும் இல்லை. ஆயினும் அச்சொல் தைத்த இடம் இன்னும் ஆறாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பெல்ஜியப் பையையும் நம் கோதுமைப் பையையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இரண்டும் பசியைத் தீர்த்தவை. இரண்டும் துணியாக மறுபிறவி எடுத்தவை. பெல்ஜியப் பெண்ணிடம் தையற் கூடமும் நூலும் வேலைக் கூலியும், எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பிக் கொடுக்க ஒரு வாய்ப்பும் இருந்தன. நம் தாய்மாருக்கு யார் அந்த வாய்ப்பைத் தந்தார்கள்? அவர்கள் விரலில் கலை இல்லையா? பனையோலையில் பெட்டி முடைந்தவர்கள், கோரையில் பாய் நெய்தவர்கள், கிழிசலை ஒட்டுப்போட்டுத் தைத்தே குடும்பம் காத்தவர்கள் அவர்கள். கொடுக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களை எவரும் சொல்ல முடியாது. கொடுங்கள் என்று கேட்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

கொடுக்கும் பேறு

இன்று கிறிஸ்மஸ் நெருங்குகையில் நம் பங்குகள் பலவற்றில் ஏழைகளுக்குப் புடவையும் வேட்டியும் அரிசியும் வழங்கும் விழா நடைபெறுகிறது. மனமுவந்து செய்யப்படும் நல்ல செயல் அது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மேடையில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைக்க, கைம்பெண் ஒருவர் எல்லாரும் பார்க்க நடந்து வந்து, நிழற்படத்துக்கு நின்று, நெகிழிப் பை ஒன்றை வாங்கிச் செல்லும்போது, இரவில் சன்னல் வழியே பொன்னை எறிந்த நிக்கோலாசை நினையாதிருக்க முடியவில்லை.

பெல்ஜியத்தின் படிப்பினையை நம் பங்குகளில் எளிதாகவே செயற்படுத்தலாம். கொடுக்கும் பொருளை இடுவதற்குத் துணிப்பை வேண்டும். அதைக் கடையில் மொத்தமாக வாங்காமல், உதவி பெறும் குடும்பங்களில் தையல் அறிந்த பெண்களிடமே கேட்கலாம். பங்கின் தையற் கடைகளில் எஞ்சும் துண்டுத் துணியைத் திரட்டித் தரலாம். ஒரு பைக்கு இவ்வளவு என்று நியாயமான கூலியை வேலை முடிந்த அன்றே கொடுக்கலாம். அளவும் வேலையும் எளியவை. ஒரு முழத் துணியை இரண்டாய் மடித்து, இருபக்கமும் தைத்து, வாயோரத்தை உள்மடித்து அதில் நாடா கோத்தால் சுருக்குப் பை ஆயிற்று. நம் பாட்டிமார் இடுப்பில் செருகி வெற்றிலையும் சில்லறையும் வைத்திருந்த அதே பைதான். அதன்மேல் ஒரு விண்மீனோ குடிலோ பூவேலை செய்வது அவரவர் விருப்பம். அப்பை பங்கின் எல்லா வீடுகளுக்கும் செல்லட்டும், செல்வர் வீட்டுக்கும். அப்போது மாளிகையில் இருப்பவர் குடிசையிலிருந்து வந்த ஒரு பரிசைக் கையில் வாங்குவார். பெற்றுக்கொள்வதன் பணிவைச் செல்வரும், கொடுப்பதன் பேற்றை எளியவரும் அறியும் நாளாக அது அமையும்.

தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில், கிறிஸ்மசுக்கு இரு நாள் முன்னதாக, மீண்டும் மஞ்சப்பை என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. திருமண வீட்டில் தாம்பூலம் இட்டுத் தந்த மஞ்சள் துணிப்பையை ஏந்திச் செல்வதை ஒரு காலத்தில் பட்டிக்காட்டு அடையாளம் என்று நகைத்தோம். இன்று மண்ணைக் காக்கும் அறிவு அந்தப் பையில்தான் இருந்தது என்று உணர்கிறோம். எளியோரின் பழக்கத்தை நகைத்துவிட்டுப் பின்னர் அதனிடமே திரும்பி வருவது நமக்குப் புதிதன்று.

நம் பங்கின் ஏழைகளிடம் இம்முறை எதைக் கொடுப்பது என்று திட்டமிடும் கூட்டத்தில், எதைக் கேட்பது என்ற கேள்வியும் எழட்டும். தபித்தா தைத்த ஆடைகளை எடுத்துக்காட்டி அழுத கைம்பெண்கள், தபித்தா உயிர்பெற்று எழுந்தபின் என்ன செய்தார்கள் என்று நூல் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரேனும் மறுநாள் ஊசியைக் கையில் எடுத்துத் தபித்தாவுக்கு ஓர் ஆடை தைக்கத் தொடங்கியிருப்பார் என்று நாம் நம்புகிறோம்.